கண்ணகியின் முன் மணிமேகலை

பக்தி உள்ளத்தின் உருக்கம். ஞானம் அறிவின் தெளிவு. இவை இரண்டும் ஒன்றற்கொன்று மாறானவை என்று கருதுவோர் நம்மிடையே பலர். உருகுவோர் வினவுதல் ஆகாது என்றும், வினவுவோர்க்கு உருக்கம் வாராது என்றும் அவர்கள் எண்ணுகின்றனர். இந்து சமயத்தைப் பக்திக்கும் பௌத்தத்தை ஞானத்திற்கும் உரியனவாகப் பிரித்து வைப்பாரும் உளர். தமிழ் இலக்கியம் இப்பிரிவினையை ஏற்கின்றதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. திருவனந்தபுரத்தில் மாசித் திங்களில் நிகழும் ஆற்றுக்கால் பொங்காலை நாளில், தெருவோரத்தில் அடுப்புக் கூட்டியிருந்த நம் தமிழ்க் குடும்பம் ஒன்றின் அருகே நின்றிருந்தேன். ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகியாகவே மக்கள் போற்றுகின்றனர். விழா நாள்களில் அவள் வரலாறே தோற்றம் பாட்டாகப் பாடப்படுகின்றது. பானையில் அரிசி கொதிக்கும் வேளையில், கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி தன் பாட்டியை நோக்கி, "ஓர் ஊரையே எரித்தவளைத் தாயென்று எப்படிப் பாட்டி கும்பிடுவது?" என்று கேட்டாள். "சாமியைக் கேள்வி கேட்காதே" என்று பாட்டி கடிந்துகொண்டார். பெண் வாய் மூடினாள். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. அவ்வினாவை அவளுக்கு முன்பே வேறொரு பெண் அதே தெய்வத்தின் முன் நின்று கேட்டிருக்கிறாள் என்பதை அன்று நான் எடுத்துரைக்கத் தவறினேன். அக்கடனை இப்பொழுது தீர்க்க முயல்கின்றேன்.

வஞ்சிக் கோயிலில்

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை முப்பது காதைகளை உடையது. அதன் இருபத்தாறாம் காதையில் மணிமேகலை சேரர் தலைநகராகிய வஞ்சிக்கு வருகின்றாள். வஞ்சி என்பது கருவூரா, கொடுங்கல்லூரா என்பது அறிஞரிடையே நெடிது நிகழ்ந்த வழக்கு. அதனை ஈண்டு எழுப்ப வேண்டுவதில்லை. சேர வேந்தன் எடுத்த கோயிலில், தன் தந்தை கோவலனின் மனைவியாகிய கண்ணகியின் படிமத்தின் முன், மாதவி மகள் கண்ணீர் மல்க நிற்கின்றாள் என்பதே நாம் கருத வேண்டுவது.

அவள் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஒரு வினாவோடு நிற்கின்றாள். கணவன் இறந்தவுடன் உயிர் விடுதலும், தவநெறியில் ஒழுகுதலும் ஆகிய வழிகள் இருக்க, நீ மேற்கொண்ட இச்செயலின் பொருள் யாது என்று கேட்கின்றாள். தொழுத வாயே வினவவும் செய்கின்றது. அவளை எவரும் கடியவில்லை.

தெய்வம் கூறும் விடை இன்னும் வியப்புக்குரியது. பழவினையின் திறத்தை மதுராபதித் தெய்வம் எடுத்துரைத்தும், தான் சினம் அடங்காது நகரை எரியூட்டியதைக் கண்ணகியே கூறுகின்றாள். நல்வினையால் இன்று தெய்வநிலை எய்தினும், அத்தீவினையின் பயனைப் பின்னர்த் தானும் துய்த்தே ஆகவேண்டும் என்கின்றாள். தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் தெய்வத்தை வேறு எத்தனை காப்பியங்களில் காணவியலும்? இதனால் கண்ணகியின் பெருமை குறைந்ததாகச் சாத்தனார் கருதவில்லை. மணிமேகலையும் தொழுகையைக் கைவிடவில்லை. வினைக்குத் தானும் உட்பட்டவள் என்று உண்மை உரைப்பதனாலேயே அத்தெய்வம் நம் உள்ளத்திற்கு மேலும் அணுக்கமாகின்றது.

அதன்பின் கண்ணகி ஓர் ஆணையும் இடுகின்றாள். இந்நகரிலுள்ள பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேள் என்கின்றாள். இளம்பெண் என்று கண்டால் அவர்கள் உட்பொருளை உரையார் என்பதனால், வேற்றுருக் கொண்டு செல் என்றும் கூறுகின்றாள். பெண்ணுக்கு அறிவின் வாயில் அடைக்கப்பட்டிருந்ததைக் காப்பியம் மறைக்கவில்லை; அவ்வாயிலைத் திறக்கும் வழியைக் காட்டுவது அவள் தொழுத பெண் தெய்வமே. அறிவைத் தேடுக என்பதே அங்கு அவள் பெற்ற வரம். வினவும் பெண்ணை வாயடக்குவது கண்ணகி வழிபாட்டின் மரபன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பீடிகையும் பாத்திரமும்

இக்காட்சி தற்செயலாக அமைந்ததன்று. காப்பியம் முழுவதையும் தாங்கும் அமைப்பின் ஒரு பகுதியாகும். மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்ட மணிமேகலை, புத்த பீடிகையைக் கண்டவுடன் தன்னை அறியாது கை குவித்து, கண்ணீர் சொரிந்து, வலம்வந்து, நிலமுற வீழ்ந்து வணங்குகின்றாள். அவ்வழிபாட்டின்பின் அவளுக்குப் பழம்பிறப்பின் அறிவு கிட்டுகின்றது. அவ்வறிவின் பின்னரே அமுதசுரபி கைக்கு வருகின்றது. முதலில் தொழுகை, அடுத்து அறிவு, அதன்பின் பிறர் பசி தீர்க்கும் பாத்திரம் என்பதே சாத்தனார் வகுத்த முறை. அப்பாத்திரத்தில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. அதனால் முதலில் பசி தீர்ந்தவள் யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வாடிய காயசண்டிகை.

காஞ்சியில் இம்முறை மாறி வருதலையும் காண்க. மழை வளம் இன்றி வாடிய அந்நகரில் மணிமேகலை முதலில் செய்வது அன்னம் இடுதல். அதன் பின்னரே அறவண அடிகள் அவளுக்குத் தருக்க நெறியையும், பேதைமை முதலாகச் சார்ந்து தோன்றும் பன்னிரு நிதானங்களையும் இறுதி இரு காதைகளில் உரைக்கின்றார். ஊர் பசித்திருக்கையில் தத்துவம் பேசுதல் தகாது என்பதனை, அதனைச் சொல்லாமலே காதைகளின் வைப்புமுறையால் உணர்த்திவிட்டார் புலவர்.

1898-இல் டாக்டர் உ.வே. சாமிநாதையர் இக்காப்பியத்தைப் பதிப்பித்தபோது, புத்தர் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் சங்கத்தையும் தனியே விளக்கி உடன் சேர்த்தார். சைவ நெறியில் வளர்ந்த அப்பெரியார், பௌத்த நூலொன்றை விளக்குவதற்கு அத்துணை உழைத்தமை தானே ஒரு பாடமாகும்.

நூலின் குறை

ஆயினும் திறனாய்வு என்பது புகழ்ந்து முடிப்பதன்று. கண்ணகி கேட்கச் சொன்னதை மணிமேகலை முறையாகக் கேட்டாளா? இருபத்தேழாம் காதையில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பதின்மர் தத்தம் கொள்கையைக் கூறுகின்றனர். உலகாயதனாகிய பூதவாதி, கண்டதே மெய், பழம்பிறப்புணர்வு வெறும் மயக்கம் என்கின்றான். அதற்கு அவள், உன் தாய் தந்தையரை நீ அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று மடக்குகின்றாள். கூர்மையான இடம் இது. ஆனால் வைணவவாதிக்குக் கிடைப்பதோ சில சொற்களே. அவன் நெஞ்சின் நெகிழ்ச்சியோ வழிபாட்டின் இன்பமோ அங்கு இடம்பெறவில்லை. பக்தியைப் பட்டியலில் ஒரு கொள்கையாக எண்ணி, வாதம் என்னும் அளவுகோலால் மட்டும் அளந்து ஒதுக்கியது சாத்தனாரின் குறை. தானே கண்ணகியின் முன் காட்டிய பெருந்தன்மையை அவர் அடுத்த காதையில் பிறர்க்கு வழங்கவில்லை.

இக்குறையை நிறைப்பார் போல வந்தவர் நம்மாழ்வார். அவர்தம் அன்னையார் நாஞ்சில் நாட்டுத் திருவண்பரிசாரத்தைச் சேர்ந்தவர் என்பது வைணவ மரபு. திருவாய்மொழியின் தொடக்கத்திலேயே, இறைவன் தமக்கு அருளியது 'மதிநலம்' என்கின்றார் ஆழ்வார். மதி என்பதற்கு ஞானம் என்றும் நலம் என்பதற்கு பக்தி என்றும் உரையாசிரியர்கள் பொருள் கண்டனர். அறிவும் அன்பும் ஒரே சொல்லாக, ஒரே கொடையாக வந்தன என்பது கருத்து. பத்தாம் பத்தில் திருவனந்தபுரத்தைப் பாடும் திருவாய்மொழியில், அவர் தம் துன்பம் தீர்ந்தது என்று சொல்வதோடு அமையாமல், தம்மவரையெல்லாம் விரைந்து அந்நகர் சேருமாறு அழைக்கின்றார். அங்கு நாம் கேட்பது தனியொருவர் விம்மல் அன்று. கூட்டத்தை உடன் அழைத்துச் செல்லும் குரல். அமுதசுரபி ஏந்தியவள் அன்னத்தைப் பகிர்ந்தாள்; ஆழ்வார் தாம் கண்ட இன்பத்தைப் பகிர்ந்தார். பெற்றதைத் தன்னளவில் நிறுத்தாமையே இருவர்க்கும் பொது.

இம்மண்ணின் சான்று

இவ்விணக்கம் நூலளவில் நின்றதா என்று கேட்போர்க்கு இத்தென்னாட்டு வரலாறு விடை கூறும். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டில் பார்த்திவசேகரபுரத்தில் திருமாலுக்குக் கோயில் எடுத்து, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு கல்விச் சாலை ஒன்றும் நிறுவினான். அக்காந்தளூர்ச் சாலை இன்றைய திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதியில் இருந்தது என்பர். அதே ஆய் மரபில் வந்த விக்கிரமாதித்த வரகுணன், திருமூலபாதம் எனப்பட்ட பௌத்தப் பள்ளிக்கு நிலம் வழங்கியதைப் பாலியச் செப்பேடு தெரிவிக்கின்றது. அரசர் கொடையில் அரசியலும் கலந்திருக்கலாம். எனினும், ஒரே குடி திருமாலுக்கும் புத்தருக்கும் நிலம் அளந்து கொடுத்தது என்பது மறுக்கவியலாத உண்மை. அம்பலப்புழைக்கு அருகே கருமாடியில் இன்றும் அமர்ந்திருக்கும் கருங்கல் புத்தரை ஊரார் 'கருமாடிக்குட்டன்' என்று பிள்ளைப் பெயரிட்டு அழைக்கின்றனர். பள்ளி மறைந்தது, பரிவு மறையவில்லை.

கவிமணியின் புத்தர்

இவ்விரு மரபுகளும் நம் காலத்தை ஒட்டி ஒருங்கே வெளிப்பட்டது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையிடம். 1876-இல் நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்து, திருவனந்தபுரத்து மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் அவர். சைவச் சூழலில் தமிழ் பயின்ற அவர், எட்வின் அர்னால்டு என்னும் ஆங்கிலக் கவிஞர் 1879-இல் வெளியிட்ட புத்தர் காவியத்தைத் தழுவி 'ஆசிய ஜோதி'யைப் பாடினார். மலையாளத்தில் குமாரன் ஆசானும் அதே ஆங்கில நூலைத் தம் மொழிக்குக் கொணர்ந்தார். 1922-இல் 'சண்டாலபிக்ஷுகி'யையும், 1923-இல் 'கருணா'வையும் படைத்தார். சாதிக் கொடுமையால் நொந்த மண்ணில் இரு மொழிக் கவிஞரும் புத்தரை நாடியது வியப்பன்று.

ஆசிய ஜோதியில் தத்துவம் குறைவு, கதையே மிகுதி என்று குறை கூறுவர். ஓரளவு உண்மையே. அறவண அடிகளின் தருக்கத்தை அங்குத் தேடுவோர் ஏமாறுவர். ஆனால் மகனை இழந்த தாயின் பகுதியைக் கருதிப் பாருங்கள். இறப்பே நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொல்கின்றார் புத்தர். அவள் வீடு வீடாகச் சென்று, இழப்பில்லாத இல்லம் இல்லை என்று அறிந்து திரும்புகின்றாள். நிலையாமை அவளுக்குப் பாடமாகச் சொல்லப்படவில்லை. பிறர் வாயில்களில் நின்று, பிறர் துயரைக் கேட்டுக் கேட்டு அவளே பெற்ற அறிவு அது. தாழ்ந்த குலத்தவன் என்று பால் தர அஞ்சி நிற்கும் இடைச்சிறுவன் பகுதியும் அத்தகையதே. உயிர்களிடையே பிறப்பால் வேற்றுமை இல்லை என்னும் தத்துவம், ஒரு வாய்ப் பாலைக் கேட்டுப் பருகும் செயலாக அங்கு மாறுகின்றது. எனவே கவிமணி தத்துவத்தைக் கைவிட்டார் என்பதனினும், அதனைக் கருணைச் செயலுக்குள் கரைத்துவிட்டார் என்பதே பொருந்தும். குழந்தையும் பாடத்தக்க எளிய நடையில் அதனைச் செய்தது அவர் பெற்ற வெற்றி.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் தெளிவது யாது? தமிழ் மரபில் பக்தி அறிவுக்குத் தடையாக நிற்கவில்லை. அறிவைத் தேடிச் செல்ல விடைகொடுத்து அனுப்புகின்றது. அறிவும் தன்னளவில் முடிந்துவிடுவதில்லை. பிறர் பசியிலும் துயரிலும் சென்று பயன்படும்போதே நிறைவெய்துகின்றது. வினவாத பக்தி வெறும் வழக்கமாய்ச் சுருங்கும். உருகாத அறிவு, வஞ்சி நகர வாதம் போல வென்று முடிந்து வெறுமையாகும்.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது இன்றியமையாத செய்தி. நம் பிள்ளைகள் பள்ளியில் வேறு மொழியில் பயில்கின்றனர். வேறு கருத்துகளைக் கேட்கின்றனர். வழிபாட்டை மட்டும் கொடுத்து வினாவைத் தடுப்போமாயின், சில ஆண்டுகளில் வழிபாட்டையும் அவர்கள் விட்டுவிடுவர். தமிழோடு சேர்த்துக் கொடுத்தால், கேட்பதற்கும் ஓரிடம் அதனுள் உண்டு என்று அறிவர். அடுத்த மாசியில் அடுப்பின் அருகே அமர்ந்து அப்பெண் மீண்டும் கேட்பாளாயின், பாட்டி அவளைக் கடிய வேண்டுவதில்லை. "நீ கேட்டதை மணிமேகலையும் கேட்டாள் அம்மா, அம்மன் விடையும் சொன்னாள்" என்று கதையைத் தொடங்கலாம். சோறு பொங்கும் வரை அக்கதைக்கு நேரம் உண்டு. பொங்கியபின் அருகிருப்போர்க்குப் பகிரவும் அது போதும்.