பல்லைப் பார்க்காத பேரம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் குந்தாரப்பள்ளி என்றோர் ஊர் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் அங்கே கூடும் ஆட்டுச் சந்தையை அவ்வட்டாரத்தில் அறியாதார் இலர். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரங்களிலோ அதன் பொலிவே தனி. ஆடு வாங்க வந்தவரைச் சற்று நின்று கவனித்தால் போதும். திறனாய்வு என்பது யாதெனப் புலப்பட்டுவிடும். அவர் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இரண்டு பல் போட்டிருக்கிறதா, நான்கு பல்லா என்று எண்ணுகிறார். முதுகை அழுத்துகிறார், நடக்கவிட்டுக் காலைப் பார்க்கிறார். குர்பானிக்குரிய பிராணி வயது நிறைந்ததாகவும் ஊனமற்றதாகவும் இருத்தல் வேண்டுமே! விற்பவர் சொல்லை நம்பி எவரும் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை.

அதே மனிதர் அதே வாரத்தில் மகனுக்குக் கைபேசி வாங்கச் செல்கிறார். விலையைக் கேட்கிறார், படம் தெளிவாக விழுமா என்று கேட்கிறார், பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். உள்ளே இயங்கும் மென்பொருள் யாது, அது நம் வீட்டுச் செய்திகளை எங்கே கொண்டு சேர்க்கிறது, எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற வினாக்கள் எழுவதேயில்லை. ஆட்டிடம் காட்டிய அறிவைக் கருவியிடம் ஏன் காட்டவில்லை? இதுவே நம் கேள்வி.

கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. தேநீர்க் கடையிலும் திருமண வீட்டுத் திண்ணையிலும் மூன்று கருத்துகளை நாம் ஓயாது கேட்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் மட்டமானது. கணினி விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும். நம் பக்கத்திலேயே தொழிற்சாலை வந்துவிட்டதால் நாம் முன்னேறிவிட்டோம். இம்மூன்றையும் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நம் கடமையாகும்.

முதற்கருத்தில் உள்ள பிழை சொல்லிலிருந்தே தொடங்குகிறது. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் வேண்டியது விலைக் குறைப்பை அன்று. ஒரு மென்பொருளை விரும்பியவாறு பயன்படுத்தவும், அதன் மூலநிரலைப் படித்தறியவும், திருத்தவும், பிறர்க்குப் பகிரவும் உரிமை வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. சுருங்கச் சொன்னால், வாயைத் திறந்து பல்லைப் பார்க்கும் உரிமை. மாட்டுச் சந்தைகளில் துண்டை மூடி விரல் பிடித்துப் பேரம் பேசுவார்கள். அங்கே மூடப்படுவது விலை மட்டுமே. மாட்டை எவரும் மூடி விற்பதில்லை. மூடிய மென்பொருளிலோ விலை வெளிச்சத்தில் இருக்கிறது; பொருள்தான் துண்டுக்குள் இருக்கிறது!

மட்டமானது என்பதும் உண்மையன்று. 1991-இல் பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட லினக்ஸ் கருவே இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்துக்கும் அடித்தளம். மட்டமென்று இகழ்பவரின் சட்டைப் பையிலேயே அது இருக்கிறது.

விலை கேளாது கொடுத்தது எவ்வளவு உயர்ந்ததாயிருக்கலாம் என்பதற்கு நம்மவரிடையே ஒரு சான்று உண்டு. அதிராம்பட்டினத்து உமர் தம்பி 2006-ஆம் ஆண்டு மறைந்தார். தமிழ் யூனிகோடு எழுத்துரு இல்லாத கணினிகளில் தமிழ்ப் பக்கங்கள் வெறுங் கட்டங்களாகத் தெரிந்த காலத்தில், 'தேனீ' என்னும் இயங்கு எழுத்துருவை ஆக்கியளித்தவர் அவர். வாசிப்பவர் தம் கணினியில் எதையும் நிறுவாமலேயே தமிழைப் படிக்க அது வழிசெய்தது. அதற்கு அவர் விலை கேட்கவில்லை. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அவர் பெயரால் அரங்கு அமைந்தது. கிணறு வெட்டி ஊருக்கு வக்ஃபு செய்த முன்னோரின் மரபை நாம் அறிவோம். எழுத்தை வெட்டி மொழிக்கு விட்டவரும் அம்மரபினரே என்று நாம் கருதுகிறோம்.

எனினும், திறந்திருப்பது எல்லாம் நலமென்று மயங்குவதும் தகாது. இணையப் பரிமாற்றத்தைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறந்த மென்பொருளில் 2012-இல் நுழைந்த ஒரு பெரும் பிழை 2014-ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. பார்க்கும் உரிமை உலகத்தார் அனைவர்க்கும் இருந்தது. ஈராண்டுக் காலம் பார்த்துக் கண்டவர்தாம் இலர். ஆட்டின் வாய் திறந்திருந்தும் பல்லின் கணக்கை அறிந்தவர் அருகில் இல்லையென்றால் பயன் என்ன?

இரண்டாவது கருத்துக்கு வருவோம். விளையாட்டு கெடுக்கிறது என்று பொதுப்படச் சொல்பவர், விளையாட்டையும் சூதையும் ஒரே கயிற்றில் கட்டுகிறார். 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டபோது, பிள்ளைகள் கெடுவதைத் தடுக்கவே அரசு அவ்வாறு செய்தது என்று பலர் மகிழ்ந்தனர். அரசு சொன்ன காரணமோ நாட்டின் பாதுகாப்பும், பயன்படுத்துவோர் தகவல்களின் பாதுகாப்பும் ஆகும். குடும்பங்களை அழித்தது வேறொன்று. பணம் வைத்தாடும் இணையச் சீட்டாட்டம். அதைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2022-இலும், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடுக்க நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டிலும் சட்டம் நிறைவேற்றின. பந்தை உதைக்கும் சிறுவனின் திரையை வெறுத்துப் பிடுங்கும் தந்தை, தம் கைபேசியில் ரம்மி விளம்பரத்தைக் கண்டு வாளாவிருந்தாரெனில், அவர் கண்டித்தது தீமையை அன்று, சத்தத்தை மட்டுமே. சிறுவனுக்கு வேண்டியது கால அளவு. சூதுக்கு வேண்டியது முற்றான விலக்கு. இவ்விரண்டையும் பிரித்தறியாத கண்டனம் எவரையும் திருத்தாது.

மூன்றாவது கருத்து இனிமையானது. ஆகவே அதிகம் ஐயுறத்தக்கது. ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் பாகங்கள் உருவாகின்றன. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. வேலை கிடைத்தது, அடுப்பு எரிகிறது. அதைக் குறைத்துச் சொல்வது நன்றி கொன்ற செயலாகும். ஆயினும், உடலைச் செய்பவர் வேறு, உயிரை ஆள்பவர் வேறு என்பதை மறத்தலாகாது. கைபேசியின் கூட்டைச் செய்யும் பெண்ணுக்கும், அதைக் கடையில் வாங்கும் அவளுடைய அண்ணனுக்கும், உள்ளே ஓடும் நிரலைப் பார்க்க உரிமையில்லை. புதுப்பிப்புகளை நிறுவனம் நிறுத்திவிட்டால், உடையாத கருவியும் முதுமை எய்திவிடுகிறது. செய்யும் கை நம்முடையது. முடிவெடுக்கும் தலை எங்கோ இருக்கிறது.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? கருவியைத் துறப்பதன்று, கருத்துகளைக் குறைத்துக் கேள்விகளைக் கூட்டுவதே. வாங்குமுன் எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வருமென்று கேட்போம். மின்கலம் பழுதானால் நம் ஊரில் மாற்ற இயலுமா என்று கேட்போம். ஒரு செயலி நம் தொடர்பு எண்களை ஏன் கோருகிறதென்று கேட்போம். அதற்கும் மேலாக, வீட்டுக்கொரு பிள்ளையேனும், ஆணாயினும் பெண்ணாயினும், நிரலைப் படிக்கக் கற்கட்டும். திறந்த மென்பொருள் அதற்குக் கட்டணம் கேளாத பள்ளிக்கூடம்.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் பல் பார்க்கும் கலையைத் தந்தை மகனுக்குப் பக்கத்தில் நிறுத்தியே கற்பிக்கிறார். அக்கலை ஆட்டோடு முடிந்துவிடலாகாது என்பதே நம் விழைவு.