வாடகை கேட்க வந்த இருவர்

மேலைநாட்டு இசைநாடகங்களுள், நூறாண்டு இடைவெளியில் தோன்றிய இரண்டு ஒரே கதையின் இரு வடிவங்களாக விளங்குகின்றன. முன்னது இத்தாலிய இசை வல்லுநர் புச்சீனியின் 'லா போயெம்'. 1896ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் தூரின் நகரில் அது அரங்கேறியது. பின்னது அமெரிக்கராகிய ஜொனதன் லார்சன், கதையையும் பாடலையும் இசையையும் தாமே ஆக்கிய 'ரென்ட்'. 1996ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் மேடையேறிய இந்நாடகம் அவ்வாண்டிலேயே புலிட்சர் பரிசு பெற்றது. பிராட்வே அரங்கில் 2008ஆம் ஆண்டு செப்டம்பர் வரை தொடர்ந்து நடந்தது. 'ரென்ட்' என்னும் ஆங்கிலச் சொல் வாடகையைக் குறிக்கும். கிழிந்தது என்னும் பொருளும் அதற்கு உண்டு. இவ்விரு பொருளையும் எண்ணியே தலைப்பு அமைந்தது என்று கொள்ளுதல் பொருந்தும்.

இரு நாடகங்களும் கிறிஸ்துமஸ் முந்நாள் மாலையில், குளிரால் நடுங்கும் ஒரு மேல்மாடி அறையில் தொடங்குகின்றன. இரண்டிலும் ஏழை இளங்கலைஞர்கள் தம் எழுத்துச் சுவடிகளைத் தீயிலிட்டுக் குளிர் காய்கின்றனர். இரண்டிலும் வாடகை கேட்டு ஒருவர் வருகிறார். திறனாய்வாளர் பெரும்பாலும் இவற்றின் காதலையும் நோயையுமே ஒப்பிடுவர். புச்சீனியின் நாயகி மிமிக்குக் காசநோய். லார்சனின் மாந்தர் பலர்க்கு எய்ட்ஸ் நோய். அவ்வொப்பீடு தவறன்று. ஆயினும், தலைப்பிலேயே வாடகையைச் சூடிக்கொண்ட நாடகத்தை வாடகையைக் கொண்டே அளந்து பார்ப்பதன்றோ முறை?

புச்சீனியின் வீட்டுக்காரர் பெயர் பெனுவா. கையில் கணக்குச் சீட்டுடன் வரும் முதியவர். மூன்று திங்கள் வாடகை அவருக்குச் சேரவேண்டியுள்ளது. இளைஞர்கள் அவரை அமர்த்தி, மது ஊற்றிக்கொடுத்து, இளமை குன்றாதவர் என்று புகழ்கின்றனர். மயங்கிய முதியவர் தம் கள்ளக்காதல்களைப் பெருமையுடன் எடுத்துரைக்கிறார். மணமான ஒருவர் இப்படிப் பேசலாமா என்று பொய்ச்சினம் கொண்டு அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகின்றனர். பின்னர் வாடகைக்குரிய பணத்தைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டு உணவகத்திற்குப் புறப்படுகின்றனர். அவையோர் சிரிக்கின்றனர். சிரிக்க முடிவதற்குக் காரணம் உண்டு. பெனுவா வேண்டுவது வாடகை மட்டுமே. அவர்கள் அங்கேயே இருக்கவேண்டும், திங்கள்தோறும் கொடுக்கவேண்டும். அவ்வளவே அவர் ஆசை. அவரை இன்று ஏமாற்றினால் நாளையும் வருவார். அந்த உறவில் கசப்பு உண்டு; வேரறுப்பு இல்லை.

லார்சனின் வீட்டுக்காரன் பென்னி வேறு வகையினன். அவன் முதியவன் அல்லன், அந்நியனும் அல்லன். திரைப்படம் எடுக்க முயலும் மார்க்கு, பாடகன் ரோஜர் ஆகியோருடன் அதே மாடியில் முன்னர் ஒன்றாகக் குடியிருந்தவன். செல்வக் குடும்பத்தில் மணம்புரிந்து, இப்போது உரிமையாளனாக வந்து நிற்கிறான். வாடகை வேண்டா என்று முன்பு வாய்மொழியாகக் கூறியவன், கடந்த ஓராண்டு வாடகை முழுவதையும் இன்றே வை என்கிறான். ஆனால் அவன் மனத்திலுள்ளது வாடகை அன்று. பக்கத்து வெற்றுமனையில் கூடாரமிட்டுள்ள வீடற்றோரை அகற்றி, அவ்விடத்தில் மின்னணுக் கலைக்கூடம் ஒன்றை எழுப்பவேண்டும் என்பதே அவன் திட்டம். அதனை எதிர்த்து மொரீன் என்பவள் நடத்தவிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்தச் செய்தால், வாடகையின்றி வாழலாம் என எழுத்திலேயே உறுதி தருவதாகவும் கூறுகிறான். நண்பர்கள் மறுக்கின்றனர். பின்னர்க் கட்டடத்திற்குப் பூட்டு விழுகிறது.

பெனுவாவிடமிருந்து பென்னிவரை நிகழ்ந்துள்ள மாற்றம் இதுவே: முன்னவர் குடியிருப்பவரிடம் பணம் பெற வந்தார், பின்னவன் குடியிருப்பவர் இல்லாத கட்டடத்தைப் பெற வந்தான். கேட்கப்படும் வாடகை, வெளியேற்றுவதற்குரிய கருவியாகிவிட்டது. இதனைத் தெளிவாகக் கண்டு, முதற் காட்சியிலேயே மேடையில் நிறுத்தியது லார்சனின் பெருஞ்சிறப்பு எனல் வேண்டும்.

இம்மாற்றத்திற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. 1964ஆம் ஆண்டு ரூத் கிளாஸ் என்னும் சமூகவியலார், இலண்டனில் உழைப்பாளர் வாழ்ந்த பகுதிகளில் வசதி படைத்தோர் புகுந்து குடியேற, பழைய குடிகள் அகன்றதைக் கண்டு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயரிட்டார். தமிழில் மேட்டுக்குடியாக்கம் எனலாம். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை 1979இல் நீல் சுமித் என்னும் புவியியலார் விளக்கினார். ஒரு மனை இன்று ஈட்டும் வாடகைக்கும், வேறு வகையில் பயன்படுத்தினால் ஈட்டக்கூடிய வாடகைக்கும் உள்ள இடைவெளி பெருகப் பெருக, முதலீடு அங்கே பாயும் என்பது அவர் கருத்து. லார்சன் தேர்ந்த நியூயார்க்கின் கிழக்கு வில்லேஜ் பகுதி இதற்கு நேர்ச் சான்று. 1970களில் அங்கே உரிமையாளர் பலர் வரி கட்டாது கட்டடங்களைக் கைவிட்டனர், பல தீக்கிரையாயின. டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவின் எதிரே 1928இல் ஏழைகளுக்குத் தொண்டாற்றுவதற்கென எழுந்த பதினாறு மாடிக் கிரிஸ்டோடோரா மாளிகை, 1975இல் 62,500 டாலருக்கு விலைபோயிற்று. பத்தாண்டு நிறைவதற்குள் அதன் விலை 30 இலட்சம் டாலராயிற்று. 1986இல் செல்வர்க்குரிய வீடுகளாகத் திறக்கப்பட்டது. 1988 ஆகஸ்டில் பூங்காவிற்கு இரவுத் தடை விதிக்க முற்பட்ட காவலர்க்கும் மக்களுக்கும் மோதல் மூண்ட இரவில், கூட்டம் அம்மாளிகையின் கதவை உடைத்ததில் வியப்பில்லை. நாடகத்தில் வரும் கலவரம் இந்நிகழ்ச்சியை நினைவூட்டுகிறது.

இனி நாடகத்தின் குறைகளை நோக்குவோம். வாடகை கொடுக்கமாட்டோம் என்று மாந்தர் அனைவரும் முழங்கும் தொடக்கப் பாடல் அவையோரைக் கிளர்ந்தெழச் செய்வது. பெனுவாவின் முன் அம்முழக்கம் பொருளுடையது. பென்னியின் முன்னோ, அது அவன் கையிலேயே ஆயுதத்தை எடுத்துக் கொடுப்பதாகும். வாடகை நிலுவை என்பது உரிமையாளர்க்கு வாய்க்கும் எளிய வழக்கு. மாறாக, நியூயார்க் நகரச் சட்டப்படி முப்பது நாளுக்குமேல் ஒரு வீட்டில் குடியிருப்பவரை நீதிமன்ற ஆணையின்றிப் பூட்டி வெளியேற்றலாகாது. பூட்டு விழுந்தபின் இளைஞர் கதவைத்தான் உடைக்கின்றனர். நீதிமன்றம் என்ற நினைவே எவர்க்கும் எழவில்லை. பின்னர்ப் பென்னியே சாவியைத் திருப்பித் தருகிறான். வீட்டுக்காரனின் மனமாற்றத்தால் தீரும் சிக்கலாக அது சுருங்கிவிடுகிறது. இரண்டாம் பகுதியில் வாடகைப் பூசல் பின்னுக்குச் செல்ல, காதலும் நோயுமே மேடையை நிறைக்கின்றன.

நோயும் வாடகையும் வெவ்வேறு சிக்கல்கள் என நாடகாசிரியர் கருதியது போலும். உண்மை வாழ்வில் அவ்விரண்டையும் ஒரு கயிறு பிணைத்திருந்தது. அது வாடகை ஒப்பந்தம். மலேசிய வாசகர்க்கு வாடகைக் கட்டுப்பாடு புதிய செய்தியன்று. 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பெற்று, 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் பாதுகாப்பு ஓய்ந்தபோது, பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் வழிவழியாக இருந்த குடும்பங்கள் வெளியேறியதைப் பலர் அறிவர். நியூயார்க்கிலும் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் அத்தகைய கட்டுப்பாடு இருந்தது. குடியிருப்பவர் இருக்கும்வரை வாடகை அளவுடன்தான் உயரும்; வீடு காலியானாலோ உரிமையாளர்க்குப் பெருவாய்ப்பு. ஒப்பந்தத்தில் பெயருள்ளவர் எய்ட்ஸ் நோயால் இறந்தால், உடன்வாழ்ந்த துணைவர் பெயர் தாளில் இல்லாமையால் அவரும் தெருவுக்கு வரும் நிலை இருந்தது. பத்தாண்டுக் காலம் துணைவருடன் வாழ்ந்து, அவர் 1986இல் இறந்தபின் வெளியேற்ற அறிவிப்புப் பெற்ற மிகெல் பிராஷி என்பவர் வழக்காடினார். 1989இல் அம்மாநில உயர்நிலை நீதிமன்றம், அத்தகைய துணைவரையும் வாடகைக் கட்டுப்பாட்டு விதியின் நோக்கில் குடும்பத்தினராகவே கொள்ளவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. குடும்பம் என்னும் சொல்லின் பொருளையே ஒரு வாடகை வீடு விரித்தது. நாடகத்திற்கு இதனினும் சிறந்த கரு வேறென்ன வேண்டும்?

ஆனால் 'ரென்ட்' நாடகத்தில் ஏஞ்சல் இறந்தபின், துணைவன் காலின்ஸ் பாடும் பாடல் நெஞ்சை உருக்குகிறது. இறந்தவரின் வீடு என்னவாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அடக்கச் செலவைப் பென்னி ஏற்கிறான். எழுத்தாளர் சேரா சுல்மன், 2012இல் வெளிவந்த தம் நூலில், எய்ட்ஸ் சாவுகளால் காலியான வீடுகளே மேட்டுக்குடியாக்கத்தை விரைவுபடுத்தின என வாதிடுகிறார். இந்நாடகத்தைக் கடிந்து 1998இலேயே தனி நூலொன்று எழுதியவர் அவர். அவருடைய கடுமை முழுவதையும் ஏற்கவேண்டியதில்லை. இந்த ஒரு கருத்தை மறுப்பது அரிது.

மற்றொரு குறை இதனினும் நுட்பமானது. அப்பகுதியில் கலைஞர் வருமுன்னரே பொர்ட்டோ ரீக்கோவிலிருந்து வந்த உழைப்பாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. லோயர் ஈஸ்ட் சைடு என்னும் ஆங்கிலப் பெயரைத் தம் நாவுக்கேற்ப 'லோய்சைடா' என மாற்றி வழங்கினர். 1970களில் அவர்கள் நிறுவிய நூயோரிக்கன் கவிஞர் மன்றம் இன்றும் உள்ளது. அம்மக்கள் நாடகத்தில் எங்கே? நடனக்காரி மிமி தன் பாட்டில், ஸ்பானியக் குழந்தைகள் அழும் ஓசை பிறந்த வீட்டை நினைவூட்டித் துன்புறுத்துவதால் இரவில் வெளியே செல்லவேண்டும் என்கிறாள். சுவருக்கு அப்பால் கேட்கும் அழுகை! பிறிதோரிடத்தில் அவள் தாய், மகள் எங்கே என்று தொலைபேசிப் பதிவுக்கருவியில் ஸ்பானிய மொழியில் கேட்கிறாள். அங்கே பிறந்து வளர்ந்தோர் குரலாகவே ஒலிக்க, வந்து சேர்ந்தோர் ஒளியில் நிற்கின்றனர். மார்க்கின் பெற்றோரோ வசதி மிக்க புறநகரில் உள்ளனர். அவன் விரும்பினால் திரும்பிச் செல்ல வீடு உண்டு. வறுமையை அவன் தேர்ந்துகொண்டான்; அடுத்த வீட்டுக் குழந்தை தேரவில்லை. மேட்டுக்குடியாக்கத்தில் கலைஞரே முன்படை என்பதும், அவர்கள் வந்தபின்னரே உணவகமும் ஓவியக்கூடமும் வந்து வாடகையை ஏற்றும் என்பதும் சமூகவியலார் பலமுறை காட்டியவை. பென்னியும் மார்க்கும் ஒரே மாடியில் வாழ்ந்தவர்கள் என்று அமைத்த ஆசிரியர், அவ்வமைப்பின் முழுப்பொருளையும் எட்டவில்லை.

எட்டாமற்போனாலும், தொட்ட இடம் ஒன்று உண்டு. தெருவில் காவலர் ஒரு வீடற்ற பெண்ணைத் துன்புறுத்துகின்றனர். மார்க் படக்கருவியை உயர்த்துகிறான், காவலர் விலகுகின்றனர். அப்பெண் நன்றி கூறவில்லை. தன் வாழ்வைக் காட்டி அவன் பெயரெடுக்கவேண்டா என்று சீறுகிறாள். கலைஞரே, ஒரு டாலர் உண்டா என்று கேட்கிறாள். இருக்காது என்று தானே முடித்துக்கொண்டு போகிறாள். சில நொடிக் காட்சி. நாடகத்தின் மீது கூறத்தக்க கண்டனம் முழுவதும் நாடகத்துக்குள்ளேயே ஒலித்துவிடுகிறது. 1996இல் புளூமிங்டேல்ஸ் துணிமாளிகை இந்நாடக மாந்தர் பாணியில் உடைகளை விற்கத் தனிப்பகுதி திறந்தபோது, அப்பெண் அங்கே வந்திருந்தால் என்ன கூறியிருப்பாள் என்று எண்ணத் தோன்றுகிறது.

லார்சனின் நேர்மையில் ஐயமில்லை. அவரே உணவகத்தில் பரிமாறிப் பிழைத்தவர்; குளியல் தொட்டி சமையலறையில் இருந்த பழைய வாடகை வீட்டில் வாழ்ந்தவர். முன்னோட்ட நிகழ்ச்சிகள் தொடங்கவிருந்த 1996 ஜனவரி 25ஆம் நாள் அதிகாலையில், முப்பத்தைந்து வயதில் இதயப் பெருங்குழாய் கிழிந்து அவர் இறந்தார். மேடையில் பலநாள் நடக்கக் கண்டு, திருத்தி, செப்பனிடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பிராட்வேயில் ஓடியது ஒருவகையில் முற்றுப்பெறாத கையெழுத்துப்படி.

ஒப்பிலக்கியம் கற்கும் மாணவர்க்கு இரு நாடகங்களையும் முழுமையாகக் கற்பிக்க நேரம் வாய்ப்பது அரிது. வீட்டுக்காரர் வரும் இரு காட்சிகளை மட்டும் அடுத்தடுத்து வைத்து, எந்தக் காட்சியில் நாம் சிரிக்கிறோம், எதில் சிரிக்க முடியவில்லை என்று கேட்டுத் தொடங்கலாம். அதன்பின் மார்க்கிடம் டாலர் கேட்ட பெண்ணின் காட்சியைப் படிக்கச் செய்தல் நன்று.