சொல்லிச் சென்ற இறப்பும் சொல்லாமல் நேர்ந்த இறப்பும்: பொத்தியார் பாடல்களும் ‘பாரம்’ திரைப்படமும்

முன்னுரை

தீரா நோயுற்றவர் தம் இறப்பைத் தாமே தேர்ந்துகொள்வது பற்றிய விவாதத்தில் வடக்கிருத்தலையும் தென்மாவட்டத் தலைக்கூத்தலையும் ஒரே மரபின் இரு நிலைகளாகக் கருத இடமுண்டு. எஞ்சியோரின் துயரத்தைக் கொண்டு நோக்கின் இவ்விரண்டும் வேறுபடுவதை இக்கட்டுரை சுட்டுகிறது.

பொத்தியாரின் துயரம்

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது நோயால் அன்று. மக்களோடு நேர்ந்த பகையால். எனினும், தேர்ந்துகொண்ட இறப்புக்கு உற்றார் வருந்தும் முறையைப் புறநானூறு விரிவாகக் காட்டுகிறது. உடனிறக்க வந்த பொத்தியாரை, மகன் பிறந்தபின் வருமாறு சோழன் திருப்பியனுப்புகிறான். உறையூர் மீளும் அவர், யானை இறந்தபின் வெறுங்கம்பத்தைக் கண்டு கலங்கும் பாகனாகத் தம்மைக் காண்கிறார் (புறம். 220). நடுகல்லைக் கண்டு கூற்றுவனைப் பழிக்க அழைக்கிறார் (221). பின்னர் அக்கல்லிடமே தமக்குரிய இடத்தைக் கேட்கிறார் (222). மன்னனின் தேர்வை மதித்தும் அவர் கூற்றுவனை நோகிறார். தேர்ந்துகொண்ட இறப்பாயினும் இழப்பு குறைவதில்லை என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அவரது துயரத்துக்கு ஒரு சொல் பற்றுக்கோடாக உள்ளது: ‘பின்னர் வா’ என்னும் பொருள்படச் சோழன் உரைத்த சொல். உரிய பொழுதில் உடனிருக்கத் தவறிய பூதநாதனாரும் மன்னன் தம்மோடு ஊடினனோ என அவனையே வினவ இயல்கிறது (219). பகைத்த மக்களின் குரலோ இப்பாடல்களில் இல்லை. இவ்வெல்லையையும் கருத்திற் கொள்ளவேண்டும்.

வீராவின் துயரம்

66ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்த் திரைப்படமாகத் தேர்வுபெற்ற பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’, தலைக்கூத்தலை மையமாகக் கொண்டது. இடுப்பெலும்பு முறிந்த காவலாளி கருப்பசாமி, மகன் வீட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டபின் இறக்கிறார். சகோதரி மகன் வீராவுக்கு அழுவதற்குமுன் வினவவேண்டியிருக்கிறது; துயரம் விசாரணையாகிறது. பொத்தியார் கல்லிடம் இடம் கேட்க, வீரா உயிருள்ளோரிடம் உண்மை கேட்கிறான். எண்ணெய்க் குளியலும் இளநீரும் பராமரிப்பின் வடிவிலேயே நிகழ்வதால், கொலையையும் அன்பையும் பிரித்தறிய எஞ்சியோர்க்கு வழியில்லை. இங்கே தேர்ந்தவர் இறந்தவர் அல்லர்.

முடிவுரை

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. மருந்து செலுத்தி உயிர் போக்குவதற்கு இந்தியாவில் இன்றும் இசைவில்லை. அவ்வாவணம் பொதுவாக நோயாளியின் உரிமையாகவே பேசப்படுகிறது. பொத்தியார் பாடல்களோடு வைத்து நோக்கின், அது எஞ்சியோர்க்கு விட்டுச்செல்லும் சொல்லாகவும் ஆகிறது. வடக்கிருத்தலைத் தலைக்கூத்தலுக்கு முன்மரபாகக் காட்டுவது இச்சொல்லை மறைப்பதாகும். சொல் இருந்த இடத்தில் துயரம் நடுகல்லை அடைந்தது. இல்லாத இடத்தில் அது ஐயமாகவே நிற்கிறது.