ஊர் திரும்பும் பெண்ணுக்கு வீடு எங்கே?

ஊர் திரும்புதல் என்பது தமிழில் பெரும்பாலும் ஆணின் கதை. பட்டணத்திலோ வெளிநாட்டிலோ இருபது வருடம் உழைத்தவன் ஊருக்கு வருகிறான். தூர்ந்த கிணற்றையும் அப்பா வைத்த வேப்பமரத்தையும் பார்த்துக் கலங்குகிறான். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டுகிறான். ஊரே கிரகப்பிரவேசத்துக்கு வந்து சாப்பிட்டுப் போகிறது. அவனுக்குச் சொந்த ஊர் ஒன்றுதான். பெண்ணுக்கு மொழி இரண்டு வீடுகளைக் கொடுத்திருக்கிறது: பிறந்த வீடு, புகுந்த வீடு. ‘சொந்த’ என்ற சொல் இரண்டிலும் இல்லை. பிறந்த ஊருக்குத் தனியாகத் திரும்பி வந்தவளுக்கென்று மொழி தனியாக வைத்திருக்கும் சொல் ‘வாழாவெட்டி’.

இது இன்று நேற்று வந்ததல்ல. அகப்பாடல்களில் முல்லைத் தலைவன் வினை முடித்துத் திரும்புகிறான். தலைவி வீட்டில் காத்திருக்கிறாள். வீட்டை விட்டுப் போகும் தலைவியோ உடன்போக்கில் போகிறாள். அவள் விளையாடிய வெறும் முற்றத்தைப் பார்த்துத் தாய் புலம்புகிறாள். பெண் திரும்பும் பாடல்கள் இல்லாமல் இல்லை. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ‘மறுதரவுப் பத்து’ என்று ஒரு பத்தே இருக்கிறது. ஆனால் அங்கும் அவள் தலைவனோடுதான் திரும்புகிறாள். சிலம்பு கழிக்கும் சடங்கு யார் வீட்டில், மணம் யார் வீட்டில் என்ற கேள்வியும் அந்தப் பத்தில் எழுகிறது. வீடு தாய்க்குரியதா, தலைவன் பக்கத்தாருக்குரியதா என்பதே வழக்கு. அவளுக்கென்று ஒரு மனை அந்த வழக்கில் இல்லவே இல்லை.

இந்தப் பின்னணியில்தான் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தை ஒவ்வோர் ஆண்டும் என் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன். மட்டக்களப்புப் பக்கத்தில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த அவர், தன் தாய் வீடு கட்டிய நாள்களின் நினைவிலிருந்து இந்தப் படத்தை எடுத்தார். அர்ச்சனா நடித்த சுதா, தங்கையையும் தாத்தாவையும் காப்பாற்றும் அலுவலகப் பெண். குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் மனை இருக்கிறது. அதில் ஒரு பகுதியை விற்று, கடன் வாங்கி, கட்ட ஆரம்பிக்கிறாள். காண்டிராக்டர் சிமென்ட் மூட்டைகளைத் திருடுகிறார். அதை அவளிடம் சொல்வது மங்கம்மா என்ற சித்தாள். பாதியில் நின்ற வேலையை மறுபடி நடக்க வைப்பவளும் அவள்தான்.

விமர்சகர்கள் இதை நடுத்தர வர்க்கத்தின் துயரக் கதை என்றார்கள். அதில் தவறில்லை. ஆனால் என் கண்ணில் நிற்பது மங்கம்மா. கட்டட வேலையில் பெண் எத்தனை வருடம் மண் சுமந்தாலும் சித்தாளாகவே ஓய்வு பெறுகிறாள். அவளோடு வேலைக்கு வந்த பையன் கரண்டியைப் பிடித்துக் கொத்தனாராகி, மேஸ்திரியும் ஆகிவிடுகிறான். வீடு கட்டும் கலை அவள் கண் முன்னால்தான் நடக்கிறது. கரண்டி மட்டும் அவள் கைக்கு வருவதில்லை. சுதாவும் மங்கம்மாவும் சேர்ந்து நிற்கும் இடத்தில் தமிழ் சினிமா அபூர்வமாக ஒரு உண்மையைத் தொடுகிறது. அந்த வீட்டை மீட்கும் இருவரில் ஒருத்திக்கு அதில் ஓர் அறையும் கிடைக்கப்போவதில்லை.

போன ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், சுதாவுக்குத் தாத்தா மனை இருந்துச்சு. அது இல்லாதவ என்ன பண்ணுவா?” அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் பாமாவின் ‘கருக்கு’ (1992) நூலைக் கொடுத்தேன். கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்த பெண், கையில் பணமோ வேலையோ இல்லாமல் நிற்கிற இடத்திலிருந்து எழுதிய புத்தகம் அது. அவளுக்கு ஊர் திரும்புதல் என்பது சாதி வரைந்த தெருவுக்குத் திரும்புவது. ‘ஊர்’ என்ற சொல்லே சேரியை வெளியே நிறுத்திவிட்டுப் புழங்குகிற சொல். ஏக்கத்தோடு ‘எங்க ஊர்’ என்று எழுதுகிறவர்கள் யாரும் இதை ஒரு வரியிலாவது யோசித்தது போலத் தெரிவதில்லை.

சட்டம் என்ன சொன்னது? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் பங்கு உண்டு என்றது. கூடவே 23ஆம் பிரிவையும் வைத்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை பெண் பாகம் கேட்க முடியாது. அதில் குடியிருக்கும் உரிமை மகளுக்கு உண்டு. ஆனால் அவள் மணமாகாதவளாகவோ, கைவிடப்பட்டவளாகவோ, கணவனைப் பிரிந்தவளாகவோ, விதவையாகவோ இருக்க வேண்டும். வாழாவெட்டி என்ற சொல்லைச் சட்டமொழியில் எழுதினால் இப்படித்தான் வரும். தமிழ்நாடு 1989இல் மகளையும் பிறப்பால் பங்காளியாக்கியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. 23ஆம் பிரிவு 2005இல்தான் நீக்கப்பட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது 2020இல்.

சட்டம் வந்தாலும் பத்திரம் வருவதில்லை. அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சீர் வாங்கிக்கொள்கிறோம். பெண் தன் பாகத்தை விட்டுக்கொடுக்கும் அந்த ஆவணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை, எதிலிருந்து விடுதலை என்று நம் கவிதைகள் இன்னும் கேட்கவில்லை.

திருமுக்கூடலில் அப்பாவின் மனையில் நான் கடைக்கால் தோண்டியபோது எதிர்வீட்டு ஆயா கேட்டார்: “இன்னாம்மா, பொறந்த ஊட்டாண்ட வந்து கட்றியே, உங்க ஊட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலியா?” அதில் வன்மம் இல்லை, உண்மையான கவலை இருந்தது. ஐம்பது வருடமாக அவர் பெருக்கி மெழுகும் வீட்டின் பட்டா முதலில் கணவர் பெயரில் இருந்தது. இப்போது மகன் பெயரில் இருக்கிறது. மேஸ்திரி ஒவ்வொரு முடிவுக்கும் “சார் எப்ப வருவாரு?” என்று கேட்டார். பணம் என் சம்பளத்திலிருந்து போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இந்த ஊரின் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் (1063-1070) கல்வெட்டு ஒன்று உண்டு. பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிய புகழ்பெற்ற கல்வெட்டு. மருத்துவரின் பெயர் கோதண்டராம அசுவத்தாம பட்டன் என்று அதில் இருக்கிறது. நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பெண்கள் ‘இருவர்’ என்ற எண்ணாக இருக்கிறார்கள். மற்றப் பணியாளர்களும் எண்களே என்பதையும் சொல்ல வேண்டும். உழைப்புக்குப் பெயர் எழுதாதது பெண்ணுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஆனால் ஆணுக்குப் பின்னாளில் பட்டா வந்தது.

பெயர் வந்தால் போதுமா என்றால், போதாது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ இதை எப்போதோ சொல்லிவிட்டது. அந்த ராஜஸ்தான் வீட்டில் அறைகள் எத்தனையோ இருந்தும் சமையலறை மூலையில்தான். சமையலறையை வசதியாக்க வேண்டும் என்று மருமகள் மீனாட்சி யோசனை சொல்கிறாள். அதற்குப் பிறகு, சன்னலில் தெரிந்த மலையையும் மறைத்துக்கொண்டு துணிக்கொடிகள் வருகின்றன. என் வீட்டுக்குப் போட்டுக் கொடுக்கப்பட்ட முதல் பிளானிலும் சமையலறை தென்கிழக்கு மூலையில் எட்டுக்கு எட்டாக இருந்தது. ஹாலுக்கு அதைப்போல் மூன்று மடங்கு இடம். வாஸ்து என்றார்கள். அக்னி மூலை அப்படியே இருக்கட்டும், சுவரைத் தள்ளிப் போடுங்கள் என்றேன். தள்ளிப் போட்டார்கள்.

‘வீடு’ படத்தின் முடிவில், அந்த நிலத்தைக் குடிநீர் வாரியம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டதாக அதிகாரி சொல்கிறார். சுதா வழக்கோடு நிற்கிறாள். பலர் இதைத் தோல்வி என்று வாசித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் பெயரில் வழக்கு நடத்துகிற பெண்ணாக அவள் கடைசிக் காட்சியில் நிற்கிறாள். தாத்தாவின் பேத்தியாகவோ யாரோ ஒருவரின் மனைவியாகவோ அல்ல. படம் அவளுக்கு வீட்டைத் தரவில்லை. வீட்டைக் கேட்கும் வாயைத் தந்திருக்கிறது.

தோழிகளே, இனி ஊர் திரும்பும் கதை ஒன்றைப் படித்தால் கிணறும் வேப்பமரமும் உங்களைக் கலங்கடிக்கட்டும். கலங்கிய பிறகு, அவனுடைய அக்காவும் தங்கையும் எங்கே கையெழுத்துப் போட்டார்கள் என்று அந்தக் கதையில் தேடுங்கள்.