முகமும் வடுவும்

லண்டன் ட்ராஃபால்கர் சதுக்கத்தை ஒட்டியிருக்கிறது நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி. நல்ல ஓவியத்தைத் தேடிப் போகிறவருக்கு அது முதலில் ஏமாற்றம் தரலாம். 1856இல் நிறுவிய கையோடு, வரைந்தவரின் கைத்திறனைவிட வரையப்பட்டவரின் புகழே முக்கியம் என்று அறங்காவலர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அரச தம்பதியைத் தவிர உயிரோடிருப்பவர் படத்துக்கு இடமில்லை. இறந்தவராயினும் பத்தாண்டு கழிந்திருக்க வேண்டும். 1969 வரை இதுதான் பொது விதி. எழுத்தாளர், அரசியல்வாதி, போராளி என்று அங்கே தொங்கும் முகங்கள் எல்லாம், பிரிட்டனில் யார் பெரியவர் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் சொன்ன பதில்கள். அந்தப் பதில் எப்படி மாறிவந்தது என்பதை, முகங்களைவிட அந்தப் படங்கள் பட்ட காயங்களே எனக்குத் துல்லியமாகக் காட்டுகின்றன.

எழுத்தாளர்களான பிராண்டி சகோதரிகளின் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1834 வாக்கில் அவர்களுடைய சகோதரன் பிரான்வெல் வரைந்தது; அப்போது அவனுக்குப் பதினேழு வயதுகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம். சார்லட்டின் கணவர் அயர்லாந்துக்குக் கொண்டுபோன இந்தப் படம், அவர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1914இல், ஓர் அலமாரியின் மேல் மடித்து வைத்த நிலையில் கிடைத்தது. அந்த மடிப்புக் கோடுகளை கேலரி இன்றுவரை மறைக்கவில்லை. ஆன், எமிலி, சார்லட் மூவரின் மேலும் அவை ஓடுகின்றன. எமிலிக்கும் சார்லட்டுக்கும் நடுவே ஒரு தூண். கிட்டப் போய்ப் பார்த்தால் அதற்குள் மங்கலாக ஓர் ஆண் உருவம் தெரிகிறது. பிரான்வெல் முதலில் தன்னையும் வரைந்து, பிறகு வண்ணம் பூசி மறைத்திருக்கிறான். காலப்போக்கில் மேற்பூச்சு மெலிந்து, மறைந்தவன் மேலே வந்துகொண்டிருக்கிறான். கைத்திறன் என்று பார்த்தால் சுமாரான ஓவியம்தான். ஆனால் அந்த வீட்டைப் பற்றி இவ்வளவு சொல்லும் வேறொரு படத்தை நான் அறியேன்.

அதே 1914 ஜூலையில் கேலரிக்குள் கத்தி புகுந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய ஒருவர், ஓவியர் மிலே வரைந்த தாமஸ் கார்லைலின் முகத்தை இறைச்சி வெட்டும் கத்தியால் கிழித்தார். மாமனிதர்களின் வாழ்க்கையே உலக வரலாறு என்று வாதிட்டவர் கார்லைல். இந்த கேலரி உருவாகப் பாடுபட்டவர்களில் ஒருவர். போராளிப் பெண்களை அடையாளம் காண, சிறையில் அவர்களுக்குத் தெரியாமல் எடுத்த புகைப்படங்களை அரசு அந்த ஆண்டு கலைக்கூடங்களுக்கு அனுப்பியது. வாசலில் தடுப்பதற்காக வந்த அந்தப் படங்கள் இன்று கேலரியின் சேகரிப்பில் இருக்கின்றன. இயக்கத் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் 1928இல் இறந்தார். 1929இலேயே அவர் உருவப்படம் உள்ளே வந்தது. பத்தாண்டு விதி அவருக்காக வளைந்து கொடுத்திருக்கிறது.

புகழின் உச்சியில் இருந்தவர்களுக்கும் காயம் உண்டு. வின்ஸ்டன் சர்ச்சிலின் 80ஆம் பிறந்தநாளுக்கு, 1954இல், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கிரஹாம் சதர்லேண்ட் வரைந்த படத்தைப் பரிசளித்தன. சர்ச்சிலுக்கு அது அறவே பிடிக்கவில்லை. படம் எரிக்கப்பட்ட செய்தி, மனைவி கிளெமென்டைனின் மறைவுக்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. சதர்லேண்டின் முன்வரைவுகளில் சில இந்த கேலரியில் மிஞ்சியிருக்கின்றன. மூப்பை ஒளிக்காத அந்தக் கோடுகளில் நான் காண்பது அவமதிப்பை அல்ல, மரியாதையை.

ஜமைக்காவில் பிறந்து, கிரிமியப் போரில் வீரர்களைப் பேணிய மேரி சீகோலின் கதை வேறு மாதிரி. 1869இல் ஆல்பர்ட் சாலன் வரைந்த அவர் படம், வேறொரு படத்தின் சட்டத்துக்குப் பின்னட்டையாகச் செருகப்பட்டுக் கிடந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை இன்னாரென்று கண்டுகொண்டார்கள். கழுத்தில் சிவப்புத் துணி, மார்பில் மூன்று பதக்கங்கள், பக்கவாட்டில் திரும்பிய முகம்.

மூன்றாண்டு மூடியிருந்த கேலரி 2023இல் திறந்தபோது டிரேசி எமின் வடித்த வெண்கலக் கதவுகள் வந்தன. பழைய வாசலின் மேலே கார்லைல் உட்பட மூன்று ஆண்களின் மார்பளவுச் சிலைகள் இருக்க, புதிய கதவுகளில் 45 பெண் முகங்கள். எந்த முகத்தின் கீழும் பெயர் இல்லை.