கடன் ஒருவர் பேரில், மனை இன்னொருவர் பேரில்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மோனோரயிலைவிட்டு இறங்கி, கேஎல் சென்ட்ரலில் கிள்ளானுக்குப் போகும் கொமூட்டர் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு பேரங்காடிக்குள் புகுந்து வெளியே வரவேண்டும். வாசனைத் தைலக் கடை, காலணிக் கடை, காப்பிக் கடை என்று வளைந்து, மின்படியில் ஏறி இறங்கிய பிறகுதான் டிக்கெட் வாசல் கண்ணில் படும். ஒரு கையில் மல்லிகைப் பொட்டலமும் மறுகையில் வாழையிலைக் கட்டுமாக அந்தப் பளபளப்பான தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கும் அம்மாக்களை அடிக்கடி பார்க்கிறேன். மழை பெய்யும் நாளில் அந்தக் குளிர்ந்த நடை சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் மோனோரயில் ஓடத் தொடங்கியது 2003 ஆகஸ்ட் 31. பேரங்காடி திறந்தது 2014. நடுவே பத்தாண்டுகளுக்கு மேல், பெயரில் மட்டும் ‘சென்ட்ரல்’ என்று ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே மக்கள் வெளியே நடந்தார்கள்.

இந்த நகரத்தின் ரயில் யார் காசில் வளர்ந்தது என்பதற்கு அந்த நடையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கேஎல் சென்ட்ரல் எழுந்த 72 ஏக்கரும் மலாயா ரயில்வே சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த பழைய யார்டு. யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் நிலைய அதிபர்களும், தமிழ்நாட்டிலிருந்து வந்த தண்டவாளத் தொழிலாளர்களும் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த இடம். 1990களில் அரசு அங்கே நிலையம் கட்ட ரொக்கத்தை எடுத்து வைக்கவில்லை. எம்ஆர்சிபி தலைமையிலான கூட்டு நிறுவனம் நிலையத்தைக் கட்டித் தரவேண்டும், பதிலுக்குச் சுற்றியுள்ள நிலத்தை மேம்படுத்தும் உரிமையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. 2001இல் நிலையம் திறந்தது. கெட்டிக்கார ஏற்பாடு என்றே சொல்வேன்; ரயில்வே நிலமே ரயில் நிலையத்துக்கு விலையானது. ஆனால் மோனோரயிலோடு சேர்க்கும் பாதை போகவேண்டிய மனை, பேரங்காடிக்கென்று வைத்த மனை. ஆக, பேரங்காடி எழுந்தால்தான் பாதையும் எழும். சந்தை நிலவரம் பார்த்து மனையை வளர்ப்பது வணிகத்தில் குற்றமில்லை. பயணியின் நேரத்தை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை என்பதுதான் குறை.

நிலம் கொடுத்து நிலையம் வாங்கியது ஒரு வழி. அதே காலத்தில் இன்னொரு வழியும் ஓடியது: தனியார் கடன் வாங்கித் தடம் போடுவார்கள், பயணிகள் கட்டணத்தில் அடைத்துக்கொள்வார்கள். 1996 டிசம்பரில் ஸ்டார் எல்ஆர்டி (இலகு ரயில்), 1998 செப்டம்பரில் புத்ரா எல்ஆர்டி, பிறகு மோனோரயில். மூன்றுக்கும் கணக்கு ஒன்றுதான், கதியும் ஒன்றுதான். 1997 நிதி நெருக்கடி கழுத்தை நெரித்தது, பயணிகளும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 2001 இறுதியில் ஸ்டார், புத்ரா இரண்டின் கடனும் சேர்ந்து 570 கோடி ரிங்கிட்டை எட்டியிருந்தது. 2002 செப்டம்பரில் நிதியமைச்சின் பிரசாரானா நிறுவனம் இரண்டையும் வாங்கியது. 118 கோடி ரிங்கிட்டில் 8.6 கிலோமீட்டருக்குப் போட்ட மோனோரயிலும் 2007இல் அதன் கைக்கே வந்து சேர்ந்தது.

இதை வைத்து ‘தனியார்மயம் தோற்றது’ என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கட்டுமானச் செலவைப் பயணச்சீட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்ற கணிப்பே பிழை. யார் நடத்தினாலும் அது உடைந்திருக்கும். உடைந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் கோலாலம்பூர் பாராட்டுக்குரியது. மதராஸில் 1895இல் ஓடத் தொடங்கிய டிராம், கம்பெனி நொடித்ததும் 1953 ஏப்ரலில் நின்றது. அரசு எடுத்து நடத்தவில்லை. தண்டவாளம் போன இடத்தில் இன்று அடையாளம்கூட இல்லை. இங்கே கம்பெனிகள் விழுந்தன, அதற்காக வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. செந்தூலிலும் பங்சாரிலும் மறுநாள் காலை வேலைக்குப் போனவர்களில் பாதிப் பேருக்கு முதலாளி மாறியதே தெரிந்திருக்காது.

அந்தப் பட்டறிவிலிருந்து பிறந்ததுதான் இன்றைய முறை. அரசு உத்தரவாதம் கொடுக்கும். அந்த உத்தரவாதத்தை நம்பிச் சந்தை கடன் கொடுக்கும். இதற்கென்றே 2011இல் டானாஇன்ஃப்ரா நேஷனல் தொடங்கப்பட்டது. 2013இல் அது 30 கோடி ரிங்கிட்டுக்கான சுகூக், அதாவது இஸ்லாமிய முறைக் கடன்பத்திரத்தை, சாதாரண மக்களும் பங்குச் சந்தையில் வாங்கும்படி வெளியிட்டது. தான் ஏறப்போகும் ரயிலுக்குத் தானே கடன் கொடுக்கலாம் என்பது அழகான எண்ணம். மொத்தச் செலவில் அது கடுகளவு என்பது வேறு விஷயம். இந்த முறையில் எழுந்த சுங்கை பூலோ–காஜாங் தடம் 2017இலும் புத்ராஜெயா தடம் 2023 மார்ச்சிலும் முழுமையாகத் திறந்தன. கட்டணம் கடனோடு கட்டிப்போடப்படவில்லை. மாதம் 50 ரிங்கிட் மை50 அட்டை ஒன்றில், கோலாலம்பூர் வட்டாரத்தில் பிரசாரானா நடத்தும் ரயில், பேருந்து எல்லாவற்றிலும் மலேசியர் எத்தனை முறையும் ஏறலாம். பழைய முறையில் இது கனவிலும் நடக்காது. ஆக, கடன் வாங்கிக் கட்டியது தவறு என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. ஐம்பது ஆண்டு ஓடப்போகும் பாதைக்கு இந்த ஆண்டு வரிப்பணத்தை மட்டும் நம்புவது, வீடு கட்ட மாதச் சம்பளத்தை நம்புவது போல.

கோளாறு வேறிடத்தில். அதைப் பார்க்கக் கிள்ளானுக்குத்தான் போகவேண்டும்.

பண்டார் உத்தாமாவிலிருந்து ஷா ஆலம் வழியாகக் கிள்ளான் ஜோஹான் செத்தியா வரை ஏறக்குறைய 37 கிலோமீட்டர் போகும் எல்ஆர்டி 3, தொடக்கத்தில் 900 கோடி ரிங்கிட் என்று சொல்லப்பட்டது. 2018 ஜூலையில் புதிய நிதியமைச்சர் லிம் குவான் எங், செலவு 3,165 கோடிக்கு ஏறிவிட்டது, 1,663 கோடிக்கு இறக்குகிறோம் என்றார். பத்திரிகைகள் பாதிக்குப் பாதி மிச்சம் என்று கொண்டாடின. ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும்: இறக்கிய தொகையில் நிலம் கையகப்படுத்தல், ஆலோசனைக் கட்டணம், கட்டும் காலத்து வட்டி எல்லாம் சேர்ந்திருந்தன. முதலில் சொன்ன 900 கோடியோ அப்படி எண்ணியதல்ல. ஒரு படியால் அளந்ததை இன்னொரு படியால் அளந்ததோடு ஒப்பிட முடியாது. மேற்பார்வைக் கட்டணம் செலவின் விழுக்காடாக இருக்கும் ஒப்பந்த முறையை மாற்றி, ஒரே நிலையான விலைக்குக் கொண்டுவந்தது மட்டும் உண்மையான சீர்திருத்தம். அதை ஏனோ யாரும் கொண்டாடவில்லை.

மிச்சம் எதிலிருந்து வந்தது? ஆறு பெட்டி கொண்ட 42 ரயில்களுக்குப் பதிலாக மூன்று பெட்டி கொண்ட 22 ரயில்கள். ஷா ஆலத்தில் சுரங்கப் பாதையும் நிலத்தடி நிலையமும் ரத்து. இன்னும் ஐந்து நிலையங்கள் ரத்து. கிள்ளான் பக்கத்தில் புக்கிட் ராஜாவும் பண்டார் போத்தானிக்கும் அதில் போயின. 2020இல் ஓடவேண்டிய வண்டி 2024க்குத் தள்ளிப்போய், அதையும் தாண்டியது. 2023 அக்டோபரில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டத்தில் ரத்தானவற்றில் ஐந்து நிலையங்கள் திரும்ப வந்தன, 470 கோடி ரிங்கிட் மதிப்பில்.

தூண்களும் மேம்பாலமும் எப்படியும் எழப்போகும்போது, நிலையத்தை வெட்டுவது என்ன சிக்கனம்? சோற்றை வடித்துவிட்டுத் தட்டு வாங்கக் காசில்லை என்பது போலத்தான். ஓடும் தடத்தை ஒட்டி நிலையத்தைப் பின்னால் சேர்ப்பதோ புதிதாகக் கட்டுவதைவிடச் சிக்கலான வேலை. 2018இன் கத்தரிக்கோல் கணக்குப் புத்தகத்துக்கு அழகு சேர்த்தது. போத்தானிக்கில் குடியிருப்பவர் தலைக்குமேல் வண்டி நிற்காமல் போகும்படி செய்தது.

நிலையம் போவதும் வருவதும் ஆட்சி மாற்றத்தின் கையில் இருப்பதற்குக் காரணம், அதற்கென்று சொந்த வருமானம் எதுவும் இல்லாததே. கூட்டரசு கடன் வாங்குகிறது. ரயில் வரும் என்றதும் தடத்தை ஒட்டிய நிலத்தின் விலை ஏறுகிறது. நிலமோ மாநில அதிகாரம். நில வரியும் பிரீமியமும் சிலாங்கூருக்குப் போகின்றன, மதிப்பீட்டு வரி மாநகராட்சிக்குப் போகிறது. நடுவில் பெரிய பங்கு நில உரிமையாளர் பையில் விழுகிறது. நில விலை ஏற்றத்தைத் தொடும் கூட்டரசு வரி ஒன்று உண்டு, சொத்து ஆதாய வரி. 2022 முதல், ஐந்து ஆண்டுக்குமேல் வைத்திருந்து விற்கும் குடிமக்களுக்கு அது சுழியம். ரயில் கட்டி முடிக்க ஆகும் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். வேண்டுமென்றே செய்யவில்லை என்று நம்புகிறேன்.

ஹாங்காங்கில் ரயில் நிறுவனமே நிலையத்துக்கு மேலும் சுற்றிலும் வீடு கட்டி விற்று, வாடகைக்கு விட்டுத் தடம் போடும் காசைத் தேடிக்கொள்கிறது. பாரிஸில் 1971 முதல் முதலாளிகள் ஊதியப் பட்டியலின் ஒரு பங்கைப் போக்குவரத்துக்கு வரியாகக் கட்டுகிறார்கள். தொழிலாளி நேரத்துக்கு வந்து சேர்வதில் முதலாளிக்கும் ஆதாயம் உண்டு என்ற எளிய நியாயம். ஹாங்காங் முறையை அப்படியே இங்கே இறக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸில் அதன் ஒரு வடிவத்தைப் பார்த்தாயிற்று, மனையின் வேகத்துக்குப் பயணி காத்திருந்தார். ஒப்பந்தத்தில் முதல் வரியாக நடைபாதைக்கு நாள் குறித்திருந்தால் அதே முறை வேறு மாதிரி ஆகியிருக்கும். சிலாங்கூர் அரசும் ஷா ஆலம், கிள்ளான் மாநகராட்சிகளும் தங்களுக்குக் கூடுதலாக வரும் வரியில் ஒரு பங்கைத் தடத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்பது இன்னும் எளிது. ‘அது உங்கள் ரயில், இது எங்கள் நிலம்’ என்ற பேச்சை அதோடு முடித்துவிடலாம்.

காசில்லை என்ற வாதம் எனக்கு எடுபடவில்லை. 2022 ஒரே ஆண்டில் எரிபொருள் மானியம் ஏறக்குறைய 5,000 கோடி ரிங்கிட். 1,663 கோடிக் கணக்கில் பார்த்தால், கிள்ளானுக்குப் போகும் தடத்தைப் போல ஏறக்குறைய மூன்று போடலாம். காசு புதுத் தடத்துக்கு மட்டும் வேண்டியதும் அல்ல. அந்த ஆண்டு நவம்பரில், பழைய புத்ரா எல்ஆர்டியான கெலானா ஜெயா தடத்தில் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதாகி 16 நிலையங்கள் பல நாள் மூடிக்கிடந்தன. புதுத் தடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது வரும் அமைச்சர்களும் படக்கருவிகளும், பழைய தடத்தில் ஒரு கருவியை நேரத்துக்கு மாற்றும்போது வருவதில்லை.

இவ்வளவையும் எழுதத் தொடங்குமுன் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில், மாலை கட்டும் ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். வாழைநாரை நனைத்துக்கொண்டே கேட்டார், கை நிற்கவில்லை.

“ரயில் வர்றது நல்லதுதான் தம்பி. பசங்க கேஎல்லுக்கு வேலைக்குப் போய்ட்டு வந்துரலாம்.” நாரைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சைப் போட்டார். “ஆனா ஸ்டேசன் தொறந்த மறுமாசமே கடை ஓனரு வாடகைய ஏத்திருவாரு. அதுக்கு அரசாங்கம் ஏதாச்சும் கார்டு குடுக்குதா?”