கரணமும் காரணமும்

வழக்கத்தை வினவுவதை மரபுக்குப் பகையெனக் கருதுவோர் தொல்காப்பியக் கற்பியலை மீண்டும் பயிலுதல் நலம். பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே திருமணக் கரணம் வகுக்கப்பட்டதென ஆசிரியர் காரணம் கூறுகிறார். அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் காட்டும் மணங்களில் தீவலமில்லை, புரோகிதருமில்லை. சிலப்பதிகாரத்தில் இரண்டும் உள. சடங்கு மாறாதது என்பதற்கு நம் இலக்கியம் சான்று பகரவில்லை.

இந்நோக்கில் ஜொகூர் பாருத் திருமணங்களைக் காண்போம். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் மலேசியாவில் 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ளது. பொய்யையும் வழுவையும் தடுக்கும் பணி பதிவேட்டுக்குச் சென்றுவிட்டது. எனினும், தாலிக்கு முகூர்த்தம் பார்க்கும் குடும்பங்கள் பதிவுக்கு அலுவலக விடுப்பையே பார்க்கின்றன. பதிந்த இணையரைத் தாலி ஏறும்வரை மணமாகாதவராகவே நடத்துகின்றனர் (இதில் கற்றோரும் விலக்கல்லர்). இடையில் உறவு முறிந்தால், 'கல்யாணமே ஆகவில்லையே' என்று சுற்றத்தார் தேற்றுவர். அப்பெண்ணோ மணவிலக்குக் கோரி நீதிமன்றம் ஏற வேண்டியவள்.

சுயமரியாதை இயக்கத்தார் புரோகிதரை விலக்கினர். தாலியை விலக்குக என நாம் வாதிடவில்லை. பதிவும் தாலியும் ஒரே நாளில், ஒரே மணவறையில் நிகழலாகாதா? கோயில் குருக்களைத் துணைப் பதிவாளராக நியமிக்க அச்சட்டமே இடமளிக்கிறது.